மீசை போன பிக்கப்

காலை ஆறரைக்குச் சோபாக் கடைக்காரர் போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மட்டும் அதற்கு முன்பே ஜன்னலில் ஆஜர். பிறத்தியார் வீட்டு விஷயத்தில் அவள் தாமதமாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கடைக்காரருடைய பிக்கப் வண்டியின் மீசையைக் காணோம். முன்பக்கக் கிரில்லுக்கு மேலே, கம்பெனியே ஒட்டி அனுப்பிய குரோம் பட்டைக்கு அவர் வைத்த செல்லப்பெயர் அது. தினமும் அதைத் துடைத்து முடித்த பிறகுதான் தன் சொந்த மீசையை முறுக்குவார்.

"வண்டியைக் கடைசியா நிறுத்தினது நீதான்" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார். "மீசை வரலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"அதை வெச்சு நான் என்னண்ணே பண்ணப்போறேன்? என்கிட்ட இருக்கிறது சைக்கிள்" என்றான் டிரைவர், அழாத குறையாக.

கழுத்தில் அளவு டேப்போடு அக்கா இறங்கி வந்தாள். பட்டை இருந்த இடத்தை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"ஒரு கீறல் இல்லை, பிசுக்கு இல்லை. பசையைச் சூடு காட்டி இளக்கி எடுத்து, பாலிஷ் வேற போட்டிருக்கான். திருடனுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?"

டிரைவர் அவள் காதைக் கடித்தான். "அக்கா, நேத்து அண்ணி அவங்க தம்பிகிட்ட சொன்னாங்க, மீசையை எடுத்துட்டா முகம் லட்சணமா இருக்கும்னு."

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்காரர் மனைவி வாசலுக்கு வந்தாள். "காலங்காத்தால என்ன சத்தம்? என் ஹேர் டிரையரை வேற காணோம்."

"மீசையை எடுக்கணும்னு சொன்னியா?"

"சொன்னேன்." புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கினாள். "அது வேற."

பக்கத்தில், தலையைப் பளபளவென்று மழித்திருந்த அவள் தம்பி காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். "மீசை இல்லாம வண்டி எளமையாத்தான் இருக்கு மாமா."

தையல்கார அக்காவுக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கக் கடைக்காரர் வீட்டுக்குள் போனவள், கையில் ஹேர் டிரையரோடு வெளியே வந்தாள்.

"தம்பி, இது உன் கட்டில்ல கிடந்துச்சு. இந்தத் தலையில நீ எதைக் காய வெச்சே?"

தெரு சிரித்தது. தம்பியின் காபி சிந்தியது.

"பசையை இளக்கத்தான். பட்டை கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. எங்கக்கா ஆசைப்பட்டுச்சு, மாமா கேக்க மாட்டார்னு புலம்புச்சு. எடுத்துட்டு அசத்தலாம்னு..."

"மக்கு" என்றாள் மனைவி. "நான் வண்டியையாடா சொன்னேன்?"

அத்தனை கண்களும் கடைக்காரரின் மூக்குக்கு அடியில் போய் நின்றன. அவர் கை தானாக மீசையைப் பொத்தியது. டிரைவர் பக்கம் திரும்பாமலே வண்டிச் சாவியை நீட்டினார்.

"போய் டெலிவரியைப் பாரு. ஏதோ வாய் தவறிடுச்சு."

"வேலை இருக்குல்ல அண்ணே?"

"இருக்குடா."

மறுநாள் காலை பிக்கப்பில் பட்டை மறுபடி மின்னியது. யாரோ ஓர் அந்நியன் குனிந்து அதைத் தடவிக்கொண்டிருந்தான். ஜன்னலிலிருந்த அக்கா "திருடன்" என்று கத்த வாயெடுத்தாள்.

அந்நியன் நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் இல்லாத மீசையை முறுக்கினான்.