தாஹிர் மூடப் போன கணினி

ஏறிவந்த வான் மூதூருக்குள் நுழைந்தபோது ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நபீஸா யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சண்டைக்குப் பயந்து ஓடிக் கந்தளாயில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கிய நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள். உன் புருஷன் தாஹிர் இனி வரமாட்டான், மௌத்தாகிவிட்டான், நீ வெள்ளை உடுத்து, ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இத்தா இருக்கத்தான் வேண்டும். மையித்தைக் காட்டுங்கள், இருக்கிறேன் என்று அவளும் ஒற்றைக்காலில் நின்றாள். காட்டுவதற்கு யாரிடமும் எதுவும் இல்லை.

இன்றைக்கு அவள் வந்தது வீட்டைப் பார்க்க அல்ல, கணவனின் கணினியை எழுப்பிப் பார்க்க. கூட வந்தவன் தாஹிரின் தம்பி ஹிஸ்புல்லா; அண்ணன் மனைவி அவனுக்கு மச்சி. அவளைப் பைத்தியம் என்று சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

விஷயம் இதுதான். தாஹிர் வீட்டு முன்னறையில் கணினி வகுப்பு நடத்தினான். ஊரெல்லாம் விண்டோஸ், விண்டோஸ் என்று அலைந்தபோது அவன் மட்டும் கொழும்பிலிருந்து சீடி வரவழைத்து லினக்ஸ் போட்டுக்கொண்டு பெருமையடித்தான். அவன் கல்யாணம் கட்டியது நபீஸாவையா அந்தப் பெட்டியையா என்று சொந்தக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். அவன் பாடம் நடத்துவதைக் குசினியில் நின்று கேட்டுக் கேட்டே அவளுக்கும் பாதி மனப்பாடம். ஒழுங்காக மூடினால், கணினி தன் டிஸ்க்கில் ‘சுத்தம்’ என்று ஒரு குறி வைத்துவிட்டுத்தான் அணையும். மூடாமல் கரண்ட் போனால் அந்தக் குறி இராது. அடுத்த முறை எழும்பும்போது குறியைத் தேடும். காணவில்லையென்றால், டிஸ்க் முழுவதையும் துழாவிச் சோதிக்காமல் யாரையும் உள்ளே விடாது.

ஷெல் விழத் தொடங்கிய அன்று ஊரில் கரண்ட் இல்லை. கணினி யுபிஎஸ் பெட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். சந்தி தாண்டியதும் தாஹிர் நின்றுவிட்டான். பிள்ளைகளின் பரீட்சை வேலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

“பெட்டரி இறங்க முந்தி மூடிப்போட்டு வாறன். நீங்க நடவுங்க, நான் வந்து பிடிப்பன்.”

அவன் வந்து பிடிக்கவேயில்லை.

வீடு கூப்பிடு தூரம், பெட்டரி அரை மணித்தியாலம் தாங்கும். ஆகவே குறி இருந்தால் அவன் வீடுவரை உயிரோடு வந்திருக்கிறான். வந்தவன் வேறு பக்கத்தால் தப்பியும் போயிருக்கலாம். குறி இல்லையென்றால் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ இரவுகள் அவள் இதையே உருட்டிக்கொண்டு கிடந்தாள்.

வாசற்கதவு பெயர்ந்து கிடந்தது. டீவியும் இல்லை, அலுமாரியில் ஒரு துணியும் இல்லை. நனைந்த சுண்ணாம்பு நாற்றத்துக்கு நடுவில் கணினி மட்டும் மேசையில் அப்படியே தூசி பிடித்து இருந்தது. அடைத்த சன்னல்களால் அந்தப் பட்டப்பகலிலும் முன்னறை இருண்டிருந்தது. ஊருக்குக் கரண்ட் திரும்பியிருந்தது; ஹிஸ்புல்லா வயர்களைக் கொளுவினான்.

“போடட்டா, மச்சி?”

“போடுங்க தம்பி.”

விசிறி இருமிவிட்டுச் சுழன்றது. அடியில் இருக்கும் சின்னச் சிப் முதலில் கண்விழித்து, மெமரி இருக்கிறதா, கீபோர்ட் இருக்கிறதா என்று தன் கைகால்களைத் தடவிப் பார்க்கும் என்று தாஹிர் சொல்வான். பிறகு டிஸ்க்கின் தலைமாட்டில் குந்தியிருக்கும் குட்டி நிரலைக் கூப்பிடும். கணினி முழுவதையும் ஆளும் கேர்னல் எங்கே படுத்திருக்கிறது என்பது மட்டும்தான் அந்தக் குட்டிக்குத் தெரியும். அது போய்ப் பெரியவரை எழுப்பிவிடும். பெரியவர் எழும்பிவிட்டார். திரையின் மூலையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் உட்கார்ந்தது. வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின.

நபீஸா திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

எழுத்துகள் நின்றன.

ஹிஸ்புல்லா திரையைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

“சொல்லுங்க.”

“ஒழுங்கா மூடல்ல எண்டு காட்டுது, மச்சி. சோதிக்கத் தொடங்கிட்டு.”

அவள் தாஹிர் உட்காரும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவன் வரவில்லை. இந்த வாசலை அவன் மிதிக்கவேயில்லை. கூப்பிடு தூரத்தில் எங்கோ, யாரும் தூக்காமல், கண்களைக்கூட யாரும் மூடிவிடாமல் கிடந்திருக்கிறான்.

திரையில் இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப என்ன செய்யுது?”

“எந்த இடத்துக்கு உரியது எண்டு தெரியாமக் கிடக்கிற துண்டுகள அது பொறுக்கும். பொறுக்கி, தொலைஞ்சதுகளுக்கு எண்டு இருக்கிற ஒரு இடத்தில சேர்க்கும்.”

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

சோதனை முடிந்தது. உள்ளே வருவது யார், பெயரைச் சொல் என்று கேட்டுத் திரை காத்து நின்றது. ஹிஸ்புல்லா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். கதிரை காலியாக இருந்தது.

திரையில் ஒரு எழுத்து விழுந்தது.

“நீங்களா தம்பி?”

“இல்ல மச்சி. நான் தொடல்ல.”

கீபோர்ட்டில் ஒரு கட்டை தானாக அமிழ்ந்து எழுந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பவன் போல, நிதானமாக. தாஹிர் என்று ஆங்கிலத்தில் பெயர் முழுதானது. கடைசியில் என்டரை ஓங்கி ஒரு குத்து. அந்தக் குத்து நபீஸாவுக்குத் தெரியும். கட்டை உடையப் போகிறது என்று எத்தனை முறை அதற்காகவே அவனை ஏசியிருக்கிறாள்!

கடவுச்சொல் கேட்டது. திரையில் எதுவும் தெரியவில்லை. கட்டைகளின் சத்தம் மட்டும்.

உப்புத் தண்ணியும் வெடிமருந்தும் கலந்த ஒரு வாடை அவர்களைக் கடந்து போனது.

“தாஹிர் காக்கா,” என்றான் ஹிஸ்புல்லா. அண்ணனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

இன்னும் ஒரே ஒரு கட்டளை அடிக்கப்பட்டது. கணினி ஒவ்வொன்றாக நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்த வேலைகளை முடித்தது, டிஸ்க்கை மூடியது, விசிறி ஓய்ந்தது. திரை இருண்டது.

ஹிஸ்புல்லா முற்றத்துக்கு ஓடிவிட்டான். நபீஸா அசையவில்லை.

“இவ்வளவு நாளும் வழியிலயா நிண்டீங்க?” என்று காலிக் கதிரையைப் பார்த்து மெல்லக் கேட்டாள். “சரி. மூடிட்டீங்கதானே. இனிப் போங்க.”

கந்தளாய்க்குத் திரும்பிய அன்றே அவள் வெள்ளை உடுத்தாள். மாமியார் ஆமினா உம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். மூதூரிலிருந்து கூடவே ஏற்றிவந்த கணினியை அவள் இத்தா இருக்கும் அறை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சில நாள் கழித்து, பிள்ளைகளின் வேலையையாவது எடுத்துக் கொடுப்போம் என்று ஹிஸ்புல்லா அதன் மூடியைக் கழற்றினான்.

பிறகு அறை வாசலை மறைத்த திரைச்சீலைக்கு வெளியே நின்று அவன் சொன்னான்:

“மச்சி, இதுக்குள்ள டிஸ்க் இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“ஆரோ வந்தவங்க எப்பவோ கழட்டிட்டாங்க. அந்த இடத்தில குளவி கூடு கட்டிக் காய்ஞ்சு போய்க் கிடக்கு.” அவன் மூடியைக் கீழே வைத்தான். “டிஸ்க் இல்லாம இது எழும்பவே ஏலாது, மச்சி. அண்டைக்கு நாம பார்த்தது...”

“இங்கால தள்ளுங்க.”

பெட்டி திரைச்சீலைக்கு அடியால் உள்ளே வந்தது. ஒரு வயரும் கொளுவியிருக்கவில்லை. நபீஸா குனிந்து, குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில், டிஸ்க் இருக்க வேண்டிய வெறும் இடத்துக்குள் கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.