நாற்பது முதுகுகள்

செந்நாரை ரயில் அவர்களுடைய முகங்களைப் பார்த்தது, நிற்காமல் போயிற்று. எண்பத்தொன்பதாவது நாள்.

சாலைக்கரிசல் நடைமேடையில் நாற்பது மிளகாய் வியாபாரிகள், ஏலத்துக்கான மாதிரிப் பொட்டலங்களோடு நின்றார்கள். தூத்துக்குடி ஏலம் பதினொரு மணிக்கு. பஸ்ஸில் போனால், ஏலக்கூடத்தைப் பெருக்கும் துடைப்பத்தைத்தான் பார்க்கலாம்.

ஜப்பானில் ஒரு தனியார் ரயில் கம்பெனி முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு கொடுத்த மின்விரைவு வண்டி அது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. ஓட்டுநருக்கு மாடியில் கூண்டு. ஹாரனுக்குப் பதில் ஒரு மெட்டு. அரை நிமிடம் பிந்தினாலும் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கும் பழைய பழக்கத்தை மட்டும் அது விடவில்லை. கூண்டில் இப்போது ஓட்டுநர் இல்லை, விழைவுமானி இருந்தது. நடைமேடையில் நிற்பவர்களின் முகம், நாடி, குதிகாலின் எழும்பல் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே படித்து, வண்டி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். உள்ளே இருப்பவர்கள் போகத் துடிக்கிறார்களா, இறங்கத் துடிக்கிறார்களா என்றும் படிக்கும். இரண்டையும் எடைபோட்டு, நிற்பதா போவதா என்று அதுவே முடிவெடுக்கும். தினமும் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும்.

சாலைக்கரிசலில் அதன் பாச்சா பலிக்கவில்லை. வேண்டும் என்பதை முகத்தில் காட்டியவன் அந்த ஊர்ச் சந்தையில் பிழைத்ததில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசும்போது விரல் துடிக்கலாம், புருவம் துடிக்கக் கூடாது. அந்த நாற்பது பேரில் ஒருத்தியான ஜெயக்கொடி தன் கல்யாணப் புடவையையே "சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்கித்தான் எடுத்தவள்.

"நாப்பது பேரும் சேர்ந்து மூணுதான் காட்டுது," என்றாள் ரயில் நிறுவனத்தின் அதிகாரி சுகந்தி, கையிலிருந்த பலகைக் கணினியைத் தட்டியபடி. "அந்தப் பக்கம் மேய்ஞ்ச எருமை அஞ்சு காட்டுச்சு."

"அப்ப எருமையை ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க மேடம்," என்றாள் ஜெயக்கொடி.

"சிரிப்பு இல்லைம்மா. நாளையோட தொண்ணூறு நாள். நாளைக்கும் நிக்கலைன்னா இந்த நிறுத்தத்தையே எடுத்துடுவாங்க. மதுரையிலேருந்து ஒரு நாடக நடிகரை வரச் சொல்றேன். அரை மணி நேரத்துல ஏங்கக் கத்துக் குடுத்துருவார்."

"முப்பத்தெட்டு வருசமா ஏங்காம நிக்கக் கத்துவச்சிருக்கேன். ஒரு தகர டப்பாவுக்கு முன்னால மூஞ்சியைத் தொங்கப்போடவா? சம்பந்தி வீட்டுக்கே காட்டாத மூஞ்சி மேடம் அது."

மறுநாள் காலை வளைவில் மெட்டு கேட்டதும், ஜெயக்கொடி பக்கத்திலிருந்த தவசிக்கனியின் விரலைத் துண்டுக்கடியில் பிடித்து அழுத்தினாள். அழுத்தம் கை மாறிக் கை மாறிக் கடைசி ஆள்வரை போயிற்று. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ரயிலுக்கு முதுகைக் காட்டி, வாசலை நோக்கி நடந்தார்கள். அவசரமில்லாமல்.

"லேசாத் திரும்பிப் பாக்கட்டா?" என்று கிசுகிசுத்தார் தவசிக்கனி.

"பாத்தா வெலை போச்சு அண்ணாச்சி."

முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பயணிகள் எழுந்து நின்றார்கள். இவ்வளவு அழகான வண்டியை ஒரு ஊரே வேண்டாமென்கிறதே, அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? சுகந்தியின் கணினியில் வெளியே மூன்று. உள்ளே இறங்கும் விழைவு நானூற்றுப் பன்னிரண்டு.

பிரேக் கிறீச்சிட்டது. கதவுகள் திறந்தன. டை கட்டிய ஒருவர் முதலில் குதித்து ஓடிவந்தார்.

"இங்க என்னங்க விசேஷம்?"

"உங்களுக்கெல்லாம் கட்டுப்படியாகாது," என்று சொல்லிவிட்டு, ஜெயக்கொடி ஏறிப்போய் அவருடைய இருக்கையில் உட்கார்ந்தாள்.

நிறுத்தம் பிழைத்தது. எட்டு நாள் ஏலத்தில் சாலைக்கரிசல் வத்தல் கொடிகட்டிப் பறந்தது.

ஒன்பதாம் நாள் செந்நாரை மெட்டுப் போடாமல் வந்தது. முகப்புக் கண்ணாடியில் திரை, ஜன்னல்களிலும் திரை. நடைமேடையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

"என்னாச்சு இதுக்கு?" தவசிக்கனி கழுத்தை நீட்டினார். நாற்பது கழுத்துகளும் நீண்டன.

"உங்க விழைவு இருநூறைத் தாண்டிருச்சு!" சுகந்தி கத்தினாள். "அப்பவும் தெறக்க மாட்டேங்குது!"

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். அவளுடைய குதிகால்கள் தரையில் இல்லை. புடவைக்கடையில் எழும்பாத குதிகால்கள்.

"நம்ம சரக்கை நம்மகிட்டயே விக்குதா?" என்றாள். குதிகாலை ஊன்றினாள். பெஞ்சில் வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"ஏலம் பதினொண்ணுக்கும்மா," என்றாள் சுகந்தி.

"போனாப் போகுது. அதுக்கும்தான நேரம் போகுது."

வண்டிக்குள்ளிருந்து குரல் கசிந்தது. "இரண்டு நிமிடத் தாமதத்துக்கு வருந்துகிறோம்." இட்லியில் பொடி தடவினாள். "ஒன்பது நிமிடத் தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம்."

"கொரல் எறங்குது அண்ணாச்சி."

சுகந்தி கணினியை உலுக்கிப் பார்த்தாள். "வெளியே மூணுக்கு வந்துருச்சு. உள்ளே திரை போட்டுத் தூங்குறாங்க, ஒண்ணுமில்ல. ஆனா மொத்தத்துல ஐந்நூறு காட்டுது. இது யாரோட விழைவுன்னே தெரியலையே!"

கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தது. தவசிக்கனி பாதி எழுந்தார். ஜெயக்கொடி அவருடைய துண்டின் நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள், தூக்குச்சட்டியைப் பார்த்து.