உள்பக்கம் பார்க்கும் லென்ஸ்

பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் சீட்டு உறை ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. காரில் மாட்டிய புதுக் கேமராவின் முதல் சோதனை ஓட்ட வீடியோவை ஞானதுரை சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ரசம் ஊற்ற வந்த ஜெபஷீலாவின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. இடது ஓரத்தில், ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு. அந்த இடத்தில் அவள் கைப்பையைக்கூட வைத்ததில்லை.

அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வீடியோவில் மனைவியின் உதடுகளை.

"யார்கிட்ட பேசிட்டு வர்ற?"

"பேசலங்க. பாடிட்டு வந்தேன்."

"என்னா பாட்டு?"

சொன்னாள். அவர் சத்தத்தைக் கூட்டி வைத்து, அவள் சொன்ன பாட்டுத்தானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுத்தார்.

ஞானதுரைக்குத் தேனி கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை. ஜெபஷீலாவுக்குக் கம்பத்தில் வங்கி வேலை. கார்த்திகை பிறந்து, சபரிமலை வண்டிகள் குமுளி ரோட்டை அடைத்துக்கொண்ட சமயம் பார்த்து அவர் அந்தக் கேமராவை வாங்கி வந்தார். ஒரு லென்ஸ் ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று வண்டிக்குள்ளே பார்க்கும், வேண்டுமென்றால் அவர் போனில் அப்போதைக்கப்போதே படம் வரும். வெளியூர்க்காரன் இடித்துவிட்டு ஓடினால் சாட்சி வேண்டும் என்றார். அந்தச் சாட்சிக்கு ரோட்டைப் பார்க்கிற லென்ஸ் போதும். உள்ளே பார்ப்பது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? கண்ணாடியில் ஒட்டி, வயரை மறைத்து இழுத்து முடித்தவர், டேஷ்போர்டில் கைவைத்து, இந்த வாகனத்தைச் சத்துருவின் கண்ணுக்கு மறைத்துக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று ஜெபமும் பண்ணினார். அவளும் ஆமென் சொன்னாள்.

வங்கிக்குப் போய்வரும் அந்த நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. வீரபாண்டி தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, வயல் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு போவாள். அதற்காகத்தான் காலையில் எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம். கேமரா வந்த மறுநாளே பாட்டு நின்றுபோயிற்று. வெறுமனே வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள். வாய் மூடிக்கிடந்ததால்தானோ என்னவோ, இதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. பிரேக் போடும்போது பின்னால் துணி உரசும் சத்தம். உத்தமபாளையம் வளைவில் சீட்டின் ஸ்பிரிங் முனகல். ஒருமுறை, லாரிக்கு வழிவிட்டு நின்றபோது, யாரோ பொறுமையில்லாமல் மூச்சை இழுத்து விட்டதுபோல் ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். சீட்டு காலியாகத்தான் இருந்தது.

அடுத்து இருட்டில் எப்படிப் பதிவாகிறது என்று சோதிக்க ஆரம்பித்தார் ஞானதுரை. இருட்டில் உள்பக்கத்து லென்ஸ் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். அந்தச் சாம்பலில் ஸ்டியரிங்கைப் பிடித்த ஜெபஷீலா, செத்தவளை உட்காரப் பழக்கிவிட்டதுபோல் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு சட்டைக்கை. வெள்ளை முழுக்கை. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் ஏறி இறங்கியபோது தோள் தெரிந்தது, மடியில் வைத்த கைகள் தெரிந்தன. முகத்தை மட்டும் முன்சீட்டின் தலைச்சாய்ப்பு மறைத்திருந்தது.

மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"எவன்டி இவன்?"

ஜெபஷீலா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரல் இடதுகை நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கோபத்தை அடக்கும்போது அப்படித் தேய்க்கிற ஒரே ஒரு மனிதரைத்தான் அவளுக்குத் தெரியும். அவர் எதிரே உட்கார்ந்து அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

"அது... நீங்கதாங்க."

"நானா? நான் கடையில இருந்தேன்டி. பஜாரே சாட்சி."

"சத்தியமா வண்டியில யாரும் இல்லங்க."

"மெஷினு பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா?" தட்டைத் தள்ளிவிட்டார். "நாளைக்கு நானே பஸ் ஏறி கம்பம் வர்றேன். அவன் உக்காந்த எடத்துல உக்காந்து வர்றேன். எவன் ஏறுறான்னு பாப்பம். எவனாச்சும் இருந்தான்னு தெரிஞ்சுச்சு, வேலையும் கெடையாது, வண்டியும் கெடையாது. வீட்டோட கெட."

அன்றிரவு அவள் ஒன்றை மனமார வேண்டிக்கொண்டாள். அந்த வீடியோ இவரே கடைப் பையன்களை வைத்து ஒட்டுவேலை செய்ததாக இருக்க வேண்டும். புருஷன் மோசக்காரனாக இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொள்கிற இடத்துக்குத் தன் கல்யாணம் வந்து நிற்பதை நினைத்து அவளுக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. வங்கிப் படியில் குடையை விரித்துக்கொண்டு நின்ற காசாளர் மகாலட்சுமி, "அக்கா, அண்ணன் அப்பவே வந்து வண்டியில உக்காந்துட்டாக. வாங்கண்ணேன்னு சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள்.

"அவுக அப்படித்தான்" என்றாள் ஜெபஷீலா.

காலையில் அவள் பூட்டிய வண்டி அது. சாவி கைப்பையில் இருந்தது. ஒரு கணம் கால் தயங்கியது. அப்புறம், இன்னொரு சாவி அவரிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் எல்லாவற்றுக்கும் இன்னொரு சாவி உண்டு, அவள் பீரோவுக்கும்கூட.

கதவைத் திறந்ததும் கடை வாசனை அடித்தது. புது வயரின் பிளாஸ்டிக்கும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் கலந்த வாசனை. அவள் திரும்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் விட்டுப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. தரையைப் பார்த்தோ தட்டைப் பார்த்தோ பேசினால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"கணக்கு முடிக்க வேண்டியிருந்துச்சுங்க."

"சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. கணக்கு முடிக்கிறவ சிரிப்பாளா?"

அவள் வண்டியை எடுத்தாள். கேமராவின் சின்னத் திரையில் பின்சீட்டு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, மடியில் கைகள். ஒருவர்தான். அவள் எதிர்பார்த்துப் பயந்த இரண்டாவது ஆள் இல்லை. உத்தமபாளையம் வந்தது, போயிற்று. திரையில் ஒருவர்தான். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தபோதும் ஒருவர்தான். அவளுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. வேலை தப்பித்தது. வண்டி தப்பித்தது. நாளையிலிருந்து, மனசுக்குள்ளாவது பாடிக்கொள்ளலாம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். கியர் மாற்றுவது சரியில்லை, சேலை நிறம் வேலைக்குப் போகிறவள் உடுத்துகிற நிறமில்லை, அவள் அம்மா வீட்டு வளர்ப்பு அப்படி. எல்லாவற்றுக்கும் அவள் சரிங்க, சரிங்க என்றாள். மார்க்கையன்கோட்டை விலக்கு தாண்டியதும் ஒரு கை பின்னாலிருந்து வந்து அவள் பிடரியில் உட்கார்ந்தது. எப்போதும் போலத்தான், உடைமையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. தூறலில் நனைந்த கையாக்கும், அதுதான் இத்தனை ஜில்லென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, எவனும் ஏறல" என்றார்.

"ஆமாங்க."

வீரபாண்டியை நெருங்கும்போது போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரில் மணி அலறியது. போன் திரையில் பெயர் வந்தது.

ஞானதுரை.

"ஏங்க, உங்க போன்ல இருந்து கால் வருது. பாக்கெட்ல கை பட்டிருச்சா?"

கை பிடரியிலேயே இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். ஆட்டோ ஹாரன் கேட்டது. யாரோ சுவிட்ச் பெட்டிக்கு விலை கேட்டார்கள். அந்தக் கடையை அவளுக்குத் தெரியும், அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றையும் தெரியும்.

"ஏய், நான் கம்பம் வரல. மதுரையில இருந்து சரக்கு வந்துருச்சு, எறக்கிட்டு இருக்கேன். இங்கன கடையில உக்காந்துதான் உன் வண்டிய லைவ்ல பாக்குறேன். இப்பத்தான் படம் வருது, இரு."

வைப்பர் ஒருமுறை போய்வந்தது.

முன்கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து பனித்திருந்தது. பின்சீட்டுக் கண்ணாடிகள் இரண்டும் மூச்சே படாமல் துடைத்து வைத்ததுபோல் இருந்தன.

"ஏய்." குரல் தாழ்ந்தது. "பின்னாடி எவன்டி?"

பிடரியில் விரல்கள் இறுகின.

"போன்ல எவன்டி?" என்றது பின்சீட்டு.

அதே குரல். அதே இழுப்பு. கேள்வி முடிந்ததும் வருகிற அதே வறட்டு இருமல். கம்பத்திலிருந்து இத்தனை தூரம் அதனோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏச்சு வாங்கியிருக்கிறாள். சரிங்க போட்டிருக்கிறாள். கட்டின புருஷனுக்கும் அதற்கும் ஓர் இடத்தில்கூட அவளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வண்டிய நிறுத்துடி."

"நிறுத்தாத. ஓட்டு."

"உன் கழுத்துல கை வைக்கிறான், பேசாம இருக்க?"

"நான் கை வச்சிருக்கேன். எவன்கிட்ட பேசுற?"

காலுக்குக் கீழே பிரேக்கா ஆக்சிலேட்டரா, தெரியவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மாலை கட்டிய வண்டி ஒன்று விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. அந்த வெளிச்சத்தில், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவள் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். நடுக்கண்ணாடியில், தன் தோளுக்குப் பின்னால்.

அவர் முகமேதான். மீசை. நெற்றித் தழும்பு. ஒன்றும் குறையவில்லை.

அந்த வாய் திறந்தது. ஸ்பீக்கரிலும் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. இரண்டும் ஒரே மூச்சில், ஒரே குரலில், எது எங்கிருந்து வருகிறதென்று பிரித்தறிய முடியாதபடி கேட்டன.

"பதில் சொல்லுடி. எவன் அவன்?"