பதினொரு வீட்டில் ஒன்பது சர்க்கரை

காலை 6.40. வெள்ளிமலைக்கு மேலே, பதினொரு வீடே உள்ள சிற்றூரில், சாலம்மாள் சாமைக் களத்தில் குப்புறக் கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. ஜீப்பில் மலையிறக்கும்போதே உயிர் போய்விட்டது.

பகல் 11.15. நோய் இல்லாதவள் சர்க்கரை மாத்திரை தின்று, சர்க்கரை இறங்கிச் செத்திருக்கிறாள் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தவள் நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி. சாயங்காலத்துக்குள் அவளைக் கைது செய்யும்படி சப்-இன்ஸ்பெக்டர் தங்கதுரைக்கு மேலிடத்து உத்தரவு.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"இல்லீங்க சார். டேப்ல பேர் வந்தா மாத்திரை தந்து டிக் போடணும். போடலன்னா மெமோ."

"இப்ப மெமோ இல்லம்மா, ஜெயிலு."

தங்கதுரை அவள் கையிலிருந்த டேப்பை வாங்கித் திரையைப் புரட்டினார். பதினொரு வீடு, ஒன்பதில் சர்க்கரை நோயாளி. எல்லாம் போன செவ்வாய்க்கிழமை பதிந்தது. பதிந்தவன் கணக்கெடுப்பு ஊழியன் இளஞ்செழியன். வெயிலில் மண்வெட்டி பிடிக்கிற ஊரில் ஒன்பது பேருக்கா?

பகல் 1.30. மலையில், தங்கதுரை கூடவே வர, செல்வி வீடு வீடாக மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கினாள். காசியம்மாள் வீட்டில், எறும்புக்குப் பயந்து ரேஷன் சர்க்கரைப் பையை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ரத்தம் எடுக்க யார் வந்தது?"

"யாரும் வரலீங்க. ஊருக்கே என் போன் ஒண்ணுதான். அதுல ஒரு தம்பி கேட்டுச்சு, அவங்கவங்க சொன்னோம்."

பக்கத்து வீட்டு முனியன் வரக்காப்பி கொடுத்தான். கசந்தது.

"சக்கரை இல்லீங்க. திங்கக்கிழமை ரேஷன் மிசினு என் கைரேகைய எடுக்கல. தேஞ்சிபோச்சு. எதிர்வூட்டு ராசுக்கும் அதே கதிதான்."

அவன் காலில் ஈ மொய்க்கும் துணிக்கட்டு.

"இன்னா அது?" என்றார் தங்கதுரை.

"மூணு மாசமா ஆறலீங்க." சொல்லிவிட்டு இரண்டாவது சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

மாலை 4.00. ஆரம்ப சுகாதார நிலையம். தங்கதுரை முன்னால் இளஞ்செழியன் நின்றான்.

"செவ்வாய்க்கிழமை மலை ஏறினியா?"

"ஏறினேன் சார். பஸ்ல."

"அன்னிக்கி இடஒதுக்கீட்டு மறியல். கச்சிராயபாளையம் ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுட்டானுங்க. பொழுதுக்கும் நாந்தான் அங்க நின்னுகினு இருந்தேன். எந்த பஸ்டா போச்சு?"

"போகல சார். போன்லயே கேட்டுப் பதிஞ்சிட்டேன்."

"போன்ல இன்னா கேட்ட? கேட்டது கேட்டபடி சொல்லு."

"வூட்ல சர்க்கரை இருக்குதான்னு கேட்டேன் சார்."

"முந்தின நாள்தான் ரேஷன் போட்டான். பை தொங்குன ஒம்போது வூட்ல இருக்குதுன்னாங்க. ரேகை விழாத ரெண்டு வூட்ல இல்லன்னாங்க. ரத்தத்துல அளவு எப்படிப் போட்ட?"

"எதனா நம்பர் போடலன்னா அடுத்த பக்கம் தொறக்காது சார்."

"சாலம்மாளக் கொன்னது செல்வி இல்ல, நீதான்."

பக்கத்தில் நின்ற செல்வி, திரும்ப வாங்கிய மாத்திரைகளை மேசையில் வைத்தாள். தங்கதுரை மறுபடி பட்டியலைப் பார்த்தார். 'முனியன் – நோய் இல்லை'. ஆறாத புண். இரண்டு சொம்புத் தண்ணீர்.

"செல்வி, ரத்தம் பாக்குற மிசின எடுத்துகினு ஜீப்ல ஏறுங்க."

மாலை 5.40. முனியனின் காய்ப்பேறிய விரலில் ஊசி இரண்டு தடவை இறங்கவில்லை. மூன்றாவதில் ரத்தம் வந்தது. மிசின் 412 காட்டியது. செல்வி டேப்பில் அவன் பெயரைத் தட்டினாள். நோய் இல்லாதவருக்குச் சிகிச்சை பதிய முடியாது என்றது திரை.

தங்கதுரை டேப்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "ஜீப்ல ஏறு முனியா, ஆஸ்பத்திரிக்கு. உனக்கு சர்க்கரை இருக்குது."

முனியன் முகம் மலர்ந்தது. "ரேகை விழுந்துட்டுதுங்களா? பைய எடுத்துகினு வர்றேன் இருங்க."