கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"ஐயோ... கண்ணைப் பார்க்காதீங்க!"

அவள் கத்தி முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. புதிதாக வந்த ஏசி மெக்கானிக், ஒரு தாய்க்குரங்கை நேருக்கு நேர் பார்த்துத் தொலைத்துவிட்டான். கூண்டுகள் அத்தனையும் கிடுகிடுவென்று ஆடின.

"முறைச்சா சண்டைக்குக் கூப்பிடறீங்கன்னு நினைச்சுக்கும். தரையைப் பார்த்து நடங்க."

"உங்களையாவது பார்க்கலாமா?"

கொழுப்பைப் பாரேன்! தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகக்கவசம். வெளியே தெரிவது கண் மட்டும்தான். ஆனால் அவன் கண்கள்... அப்பப்பா, அத்தனை குறும்பு! அவள் படபடவென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்து ஆராய்ச்சிக்காக நோயே அண்டாத குரங்குகளை வளர்க்கும் கூடம் அது. அவள் அங்கே பராமரிப்பாளர். அந்தக் குரங்குகள் வெயிலும் மழையும் அறியாமல் அங்கேயே பிறந்து வளர்ந்தவை. ஆராய்ச்சிக்குப் போனவை திரும்பி வந்ததே இல்லை. குளித்து, உடை மாற்றி, இரண்டு கதவு தாண்டித்தான் யாரும் உள்ளே வரவேண்டும். காற்று வடிகட்டிகளைப் பார்க்க அவன் அடிக்கடி வந்தான். வாய் ஓயாமல் பேசினார்கள்... ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததேயில்லை.

"ஒருநாள் வெளியே முகத்தைக் காட்டுங்களேன்," என்றான்.

"பயந்துடுவீங்க."

"பேய்ப்படம் பார்த்துப் பழக்கம்தான்!"

பிறகு கொஞ்ச நாள் அவன் லீவு. அவளுக்கு எதுவுமே ஓடவில்லை.

ஒரு மாலை, வெளியே பேய்மழை. திடீரென்று கூடம் முழுக்க அடங்கிப்போயிற்று. குரங்குகள் ஒவ்வொன்றாகக் குட்டியை அணைத்தபடி பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. அத்தனை கண்களும் வாசலையே வெறித்தன. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு கதவுகளுக்கு நடுவே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன். அவள் இந்தப் பக்கம் பொத்தானை அமுக்கினால்தான் உள்கதவு திறக்கும்.

"திறங்க," என்றது ஒலிபெருக்கியில் அவன் குரல். கூடவே... அடக்கப் பார்த்து அடங்காத ஓர் இருமல்.

"என்ன ஆச்சு? பொய் சொல்லாதீங்க."

அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணனுக்கு டி.பி. லீவுலதான் தெரிஞ்சுது. எனக்கும் இருமல்..."

"ஒரு குட்டிக்குத் தொத்தினாலும் எல்லாத்தையும் கொன்னுடுவாங்க! தெரியாதா?"

"தெரியும். ஆனா சொல்லிட்டா உள்ளே விடமாட்டாங்களே... உங்களை எப்படிப் பார்ப்பேன்?"

பாவி! அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், இப்படியா ஒருவன் செய்வான்? கண்ணீர் முட்ட, அவள் அபாய மணியை அழுத்தினாள். சிவப்பு விளக்கு சுழன்றது. அவன் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினான். அவ்வளவு ரோஷம்!

வேலை முடிந்து, மழையில் நனைந்தபடி ஓடினாள். வாசலுக்கு வெளியே ஒரு குடைக்குக்கீழ், முகக்கவசத்தோடு நின்றிருந்தான்.

"உங்க வேலைக்கு உலை வச்சிட்டேன்ல?"

"நல்லதுதான் செஞ்சீங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு." அவன் பின்வாங்கினான். "கிட்ட வராதீங்க. அப்புறம் உங்களையும் உள்ளே விடமாட்டாங்க."

"அதுங்களுக்கு வேற ஆள் போடுவாங்க... உங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் தன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு குடைக்குள் நுழைந்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லிட்டேன். வாங்க, ஆஸ்பத்திரியை மூடிடப் போறாங்க."