நாற்பது நிமிடச் சிரிப்பு

"நீ பாத்துட்ட. பொய் சொல்லாத லே, நீ..."

"இல்ல மைனி, நான் வந்து..."

"பாத்துட்ட! காலைல சிரிப்பறையில நாங்க எல்லாம் வயித்தப் பிடிச்சிட்டு உருளுகோம். நீ மட்டும் நரி விழுகதுக்கு முன்னாலயே சிரிச்ச!"

"கத்தாதீங்க மைனி, கீழ கேக்கும்."

"தொண்ணூறு மீட்டருக்குக் கீழ எவனுக்குக் கேக்கும்?"

லீமா ரோஸும் அவள் கொழுந்தன் ஜஸ்டினும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது முப்பந்தலில், ஒரு காற்றாலை இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில், வெறும் ஆகாயத்தில். ஏணி கிடையாது, கயிறு கிடையாது. இடுப்பில் ஆளுக்கொரு எடைநீக்கிப் பட்டை. இறக்கை விரிசலில் பூசுவதற்கான பசை வாளிகூடத் தனக்கென்று ஒரு குட்டி எடைநீக்கியைக் கட்டிக்கொண்டு லீமாவின் தோளருகே மிதந்தது.

வாளிக்கு மனசு இல்லை, அதனால் சிக்கலும் இல்லை. மனிதர்களின் எடைநீக்கிக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. கட்டியிருப்பவரின் மூளையில் பயத்தைவிடச் சிரிப்பு கூடுதலாக இருக்கும்வரைதான் அது கனத்தைத் தாங்கும். ஆய்வுக்கூடத்தில் எதையெதையோ போட்டுப் பார்த்தார்கள். பட்டிமன்றம் ஒரு சாண் தூக்கியது. மாமியார் துணுக்குகள் அரைச் சாண். கடைசியில் யாரோ நூறு வருடம் பழைய, பேச்சே இல்லாத ஏழு நிமிடக் கார்ட்டூன் ஒன்றைப் போட்டார்கள். நரி வாத்தைத் துரத்திக்கொண்டு மலை விளிம்பைத் தாண்டி ஓடும். வெறுங்காற்றில் நாலடி நடக்கும். கீழே பார்க்கும். நம்மைப் பார்க்கும். அப்புறம்தான் விழும். விழுந்து தோசைபோலத் தட்டையாகி, உதறிக்கொண்டு எழுந்து, மறுபடி துரத்தும். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு விழுவதைப் பற்றிய பயம் முழுசாக நாற்பது நிமிடம் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஒரே குறை, பார்த்த படம் இரண்டாம் முறை பாதி நேரம்கூடத் தூக்காது. ஆகவே உலகத்திலுள்ள கார்ட்டூன்களையெல்லாம் பூட்டிவைத்து, வேலைக்கு முன் சிரிப்பறையில் காலைக்கு ஒன்றாக அளந்து கொடுத்தார்கள். வீட்டில் பார்ப்பது குற்றம்.

"எப்பப் பாத்த?"

"ஞாயித்துக்கிழம, பூசை முடிஞ்சு. பிள்ளைங்க ரொம்பக் கேட்டுதுவ மைனி. ஒரே ஒரு படம்னு எடுத்துட்டு வந்தேன். பாயில ஒம்பது பேரு. பீரங்கிக்குள்ள நரி தலைய விட்டுப் பாக்கும்லா, அப்ப எங்க மாமி சிரிச்ச சிரிப்புல சோத்துத் தட்டு கவுந்துட்டு. எனக்குக் கண்ணுல தண்ணி. அப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சு தெரியுமா? இங்க தினம் மானியப் பாத்துக்கிட்டேல்லா சிரிக்கோம்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. உன் மானி இப்ப என்ன காட்டுது?"

ஜஸ்டின் மணிக்கட்டில் இருந்த சிரிப்புமானியைப் பார்த்தான். பதினொன்று. பத்துக்குக் கீழே போனால் எடை முழுசாகத் திரும்பிவிடும்.

அவன் பாதம் ஒரு சாண் இறங்கியது.

"மைனி..."

"கீழ பாக்காத! என்னப் பாரு. கோபுரத்துக்கு வா."

"கோபுரத்துக்கு அஞ்சு நிமிசம் ஆகும் மைனி. இறக்கையில பிடிக்கதுக்கு ஒண்ணும் இல்ல. சோப்பு மாதிரி வழுக்குது."

"அப்ப என் கையப் பிடி லே!"

"உங்க பட்டை ஒரு ஆளைத்தான் தாங்கும். ரெண்டு பேரும் போயிருவோம்."

"எனக்குச் சட்டம் சொல்லிக் குடுக்கியா? பிடின்னா பிடி!"

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பத்தரை. இன்னொரு சாண்.

"திருட்டுத்தனமாப் படம் பாக்கத் தைரியம் இருக்கு, கையப் பிடிக்க இல்லையா? சவத்த மூதி!" என்று லீமா கையை ஓங்கினாள். ஓங்கிய கை பசை வாளியில் பட்டது. எடையில்லாத வாளி சர்ரென்று பறந்துபோய் இறக்கையில் மோதி, வந்த வழியே திரும்பி, 'ணங்' என்று அவள் பின்மண்டையில் அடித்தது.

"எவன் லே அது?" என்று அவள் திரும்பினாள். அதற்குள் வாளி மறுபடி இறக்கைக்குப் போய்விட்டு வந்து நெற்றியில் அடித்தது. அவள் அதைக் காலால் உதைத்தாள். அது உயரப் போயிற்று, ஒரு கணம் தயங்குவதுபோல நின்றது, கவிழ்ந்தது. வெள்ளைப் பசை மொத்தமும் அவள் தலைவழியாக இறங்கியது. பசைக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் திறந்தன. மூடின. மறுபடி திறந்தன.

ஜஸ்டினின் வாயிலிருந்து முதலில் ஒரு 'ப்பூ' வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. பதினைந்து, நாற்பது, எழுபது. கீழே இறங்கிக்கொண்டிருந்தவன் குப்புறச் சுழன்று, அவளையும் தாண்டி மேலே போனான்.

"சிரிக்கியா? தலை புண்ணாப் போச்சு, உனக்குச் சிரிப்பா இருக்கா!"

"மைனி... ப்ளீஸ்... ஒண்ணும் பேசாதீங்க..." என்றான் ஜஸ்டின், மேகத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து.

இது முழுவதையும் கோபுரத்துக் கேமரா படம் பிடித்திருந்தது. பாதுகாப்பு அலுவலர் குற்றாலம் பல் தெரியச் சிரிக்காத மனிதர். விசாரணைக்காக அதைச் சிரிப்பறையில் போட்டபோது, பட்டை கட்டியிருந்த பதினான்கு பேரும் நாற்காலியைவிட்டு எழும்பினார்கள். மறுநாளும் போட்டுப் பார்த்தார். அப்போதும் எழும்பினார்கள். நான்காம் நாள் ஒவ்வொருவராக அலுத்துத் தரைக்கு வந்தார்கள். ஒருவரைத் தவிர. பாரந்தூக்கி ஓட்டுநர் ததேயு ஒன்பதாவது முறையும் கூரைவரை போனார்.

ததேயு லீமாவின் கணவர்.

குற்றாலம் கணக்குப் போட்டு அறிக்கை அனுப்பினார். நரியின் வீழ்ச்சி ஒரு நாள் தூக்கும். தெரிந்தவரின் வீழ்ச்சி மூன்று நாள். ஒரே வீட்டில் இருப்பவரின் வீழ்ச்சிக்கு முடிவே இல்லை. ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது: பணியாளர்கள் தங்கள் வீட்டார் இடறி விழும் காட்சி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஜஸ்டின் தன் மாமி சோற்றுத் தட்டோடு கவிழ்ந்ததைப் பிள்ளைகள் படம் பிடித்திருந்த காட்சியைக் கொடுத்து மன்னிப்பும் வாங்கிவிட்டான். பூட்டிக் கிடந்த கார்ட்டூன்கள் இனி வேலைக்குத் தேவையில்லை என்று ஊருக்கே திறந்துவிடப்பட்டன. ஆரல்வாய்மொழியில் சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு நரி விழும் சத்தமும் பிள்ளைகள் கூச்சலுமாக இருந்தது.

லீமாவும் கணவரின் காட்சி ஒன்றைத் தேடி எடுத்து, பார்த்தால் தூக்காதே என்று போட்டுப் பார்க்காமலே கொடுத்தாள். குருசடிக் கோயில் திருவிழாவில் பாயசக் குத்துவாளியோடு ஈரப்படியில் கால் வைத்து, ஆறு படி வழுக்கி, வாளிக்குள்ளேயே உட்கார்ந்த காட்சி. முதன்முதலில் அதைப் போட்ட காலையில் சிரிப்பறை அதிர்ந்தது. பதிமூன்று பேர் காற்றில் புரண்டார்கள்.

லீமா மட்டும் நாற்காலியில் இருந்தாள். மானியில் மூன்று.

"ஏன் எழும்பல?" என்றார் குற்றாலம்.

"இவருக்கு முதுகுவலி இதுலதான் வந்திருக்கு சார். என்கிட்ட மழையில நனஞ்சு வந்ததுன்னு சொன்னாரு."

குற்றாலம் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த படத்தைப் போட்டார். பசை வாளி. இருபத்திரண்டாவது முறை. வாளி முதல் அடி அடிப்பதற்கு முன்பே ததேயு கூரையில் போய் முட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி அங்கேயே ஒட்டிக்கொண்டார். படம் முடிந்து அரைமணி ஆகியும் இறங்கவில்லை. வெளியே பாரந்தூக்கி காத்துக்கொண்டிருந்தது.

"ததேயு, இறங்குங்க! வேலை கிடக்கு!"

"முடியல சார்... அந்தக் கண்ணு... பசைக்குள்ள அந்தக் கண்ணு..."

குற்றாலம் கையேட்டைப் புரட்டினார். "இதுக்கு ஒரே வழிதான் போட்டிருக்கு. ஏதாவது பயம் வந்தா இறங்கிருவாரு."

லீமா எழுந்தாள். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நேராகக் கணவருக்குக் கீழே வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க. கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு பாக்க வந்தப்பவும் என்னப் பாத்துச் சிரிச்சீங்களே, அதும் இந்தச் சிரிப்புதானா?"