பாக்சே வரைக்கும் அண்ணன்

இரவு எட்டு பத்தொன்பதுக்கு ஜோவெலின் பேருந்தின் படியில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

நடத்துனர் நீட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். வெளியே மழை. உள்ளே சிவப்பு விரிப்பில் ஈரக்கால் பட்ட இடமெல்லாம் கருத்தது. லாவோஸின் தலைநகர் வியென்டியானிலிருந்து தெற்கே பாக்சே, பத்து மணி நேரம்.

ஒரு படுக்கையில் இரண்டு பேர். இந்த வண்டிகளில் அதுதான் வழக்கம். தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் தனியாக வரும் இன்னொரு பெண்ணைப் போடுவார்கள். ஜோவெலினுக்கு இது புதிதில்லை. மணிலாவில் கால் சென்டர் வேலை, வருடத்துக்கு ஒன்பது நாள் விடுப்பு. ராத்திரி பேருந்தில் தூங்கினால் அறை எடுக்க வேண்டாம். நான்கு வருடமாக இப்படித்தான் நாடு நாடாகச் சுற்றுகிறாள். குறட்டை விட்ட பாட்டியம்மா, அழுதுகொண்டே வந்த கல்லூரிப் பெண், காலால் உதைத்த ஜெர்மன்காரி... எல்லோரும் பெண்கள்.

மேல்தட்டு, பதினான்கு. திரையை விலக்கினாள்.

ஓர் ஆண் படுத்திருந்தான்.

எண்ணைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள். அவன் பதறி எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவள் மொழியில்.

"நீங்க பிலிப்பினோவா?"

"ஆமாங்க..." தலையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "மன்னிச்சுக்கங்க. அந்த வார்த்தை உங்களுக்கு இல்ல, கூரைக்கு."

அவள் சிரிக்கவில்லை.

நடத்துனர் வந்து பட்டியலைக் காட்டினார். வண்டி நிறைந்திருந்தது. நடைபாதையில் நான்கு அரிசி மூட்டையும் அவற்றின் மேல் இரண்டு பேரும். அவன் தானும் மூட்டை மேல் உட்கார்ந்து வருவதாகச் சொன்னான். அங்கே ஏற்கெனவே இருவர் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாக நடத்துனர் சொன்னார். பிறகு, வியென்டியானில் அவள் தங்கிய விடுதியில் சீட்டு பதிவு செய்துகொடுத்த அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

அந்த அம்மா செய்தது இதுதான். ஒரே நாளில் இரண்டு பாஸ்போர்ட் வந்தது. ஒரே நாடு. ஒரே குடும்பப் பெயர், ரிகாசா. பெண் மேல்மாடிக் கூடத்தில் படுக்கிறாள், ஆண் கீழ்மாடிக் கூடத்தில். காலைச் சாப்பாட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, வேறென்ன. பத்து மணி நேரம் ஒரே படுக்கையில் போட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று சேர்த்துப் போட்டுவிட்டாள். காசு கூட வாங்காமல் செய்த உதவி.

ஜோவெலினுக்குக் காது சுட்டது.

"உங்க பேரும் ரிகாசாவா?" அவன் குரல் இறங்கியிருந்தது. "நான் ரோடெல்."

வெளிநாட்டில் தன் நாட்டு ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். அவள் அப்பாவின் மாகாணத்தில் அதைக் கேட்கக்கூட வேண்டியதில்லை. நாட்டை ஆண்ட ஸ்பெயின்காரன் ஊருக்கு ஓர் எழுத்து என்று குடும்பப் பெயர்களைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பாவின் ஊரான ஓவாஸில் பெயர்கள் எல்லாம் 'ஆர்' எழுத்தில் தொடங்கும். பெயரைச் சொன்னால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் உறவு தெரியும்.

"ஓவாஸா?" என்றாள்.

அவன் அவள் கையைப் பார்த்தான். முதுகுப் பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஆமா... ஓவாஸ்தான்."

"யாரு வீடு?"

"பெத்ரிங் தாத்தாவோட பேரன்."

அப்பா வாயில் கேட்ட பெயர். தாத்தாவின் தம்பி பெத்ரிங். ஜோவெலின் அப்போதுதான் மூச்சை விட்டாள். அப்படியானால் இவன் அண்ணன். சித்தப்பன் மகனோ மாமன் மகனோ, ஒன்றுவிட்டதோ இரண்டுவிட்டதோ, அவர்கள் ஊரில் எல்லாம் உடன்பிறப்புதான். அதில் மாற்றி நினைக்க இடமே இல்லை. நினைத்தவர்களைப் பற்றி ஊர் மூன்று தலைமுறை பேசும்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன, குயா?" என்றாள். அவர்கள் மொழியில் அண்ணனுக்கு அதுதான் சொல்.

"எங்க சொல்ல விட்ட? ஏறுனதுமே போலீஸ் மாதிரி நின்ன."

பையை நடுவில் வைத்தார்கள். அவன் சன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டான். வண்டி கிளம்பியது. கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது... ஊர் விளக்குகள் அதில் கரைந்து போயின.

அவன் தாய்லாந்தில், உபோனில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். விசா முத்திரைக்காக வியென்டியான் வந்தவன். அவனும் அறை வாடகைக்குப் பயந்துதான் ராத்திரி வண்டி பிடிப்பவன். அவள் மூங்கில் குழாயில் அடைத்து விற்கும் ஒட்டரிசிச் சோற்றைப் பிட்டுக் கொடுத்தாள். அவன் உலர்ந்த மாம்பழம் கொடுத்தான். அமெரிக்காக்காரன் போனில் திட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டான்.

"மியூட் போட்டுட்டு நானும் திட்டுவேன்."

"என்னைத் திட்டணும்னா?"

"அண்ணனுக்கு எதுக்கு மியூட்? நேராவே திட்டலாம்."

அவன் சிரித்தான். கண் முதலில் சிரித்தது, பிறகுதான் வாய். கணக்கு வாத்தியாருக்கு இப்படி ஒரு கண் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊரைப் பற்றிக் கேட்டாள். அவள் மணிலாவில் வளர்ந்தவள், ஓவாஸை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். அவன் நிறையச் சொல்லவில்லை. வயல் இருக்கும், மாதா கோவில் இருக்கும் என்றான். பிறகு தன் மாணவன் ஒருவன் பரீட்சையில் விடைக்குப் பதில் வாத்தியாரின் படம் வரைந்து வைத்த கதைக்குத் தாவினான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். கீழ்த்தட்டில் ஒருவர் பலகையைத் தட்டினார்.

பாதி வழியில், தாக்கேக் என்ற ஊரில் வண்டி நின்று கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் ஓட்டுனர் எதற்கோ வண்டியைச் சட்டென்று ஒடித்தார். நடுவில் இருந்த பை கால்மாட்டுக்கு உருண்டது. அவள் அவன் தோளில் போய் விழுந்தாள்.

ஒரு நொடி. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அவன் முகத்தில் ஓடிப் போனது. அவன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான்... பிறகு எழுந்து பையை எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் படுக்கையின் விளிம்புக்கு நகர்ந்து முதுகைக் காட்டிப் படுத்தான்.

அவளுக்கு உடம்பு முழுக்க இதயமாக அடித்தது.

சீ. அண்ணன்.

அருள் நிறைந்த மரியே என்று மனசுக்குள் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். ஐந்தாவதில் அவன் இருமினான். கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். விடிய விடிய முதலிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்தாள்.

பாக்சேயிலும் மழை. காலை ஆறே முக்கால். பேருந்து நிலையத் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். அவன் தாய்லாந்து எல்லைக்குப் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். அவள் தெற்கே தீவுகளுக்கு. போன் அடித்தது. அப்பா. வண்டியை விட்டு இறங்கும் நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவார். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். நம்ம ஊர் ஆள் கிடைத்தான், சொந்தக்காரன், பெத்ரிங் தாத்தாவின் பேரன், ராத்திரி துணைக்கு வந்தான் என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள். நீங்களும் பேசுங்கள் என்று போனை ரோடெலிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

அந்தப் பக்கம் அப்பா அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பெத்ரிங் சித்தப்பாவுக்குப் பேரன் எப்படிம்மா? அவர் பாதிரியாரா இருந்து செத்தவராச்சே."

யார் அது, எங்கே இருக்கிறாய் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பத்திரமாக இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள். பத்து மணி நேரம். ஒரு கை தூரத்தில். யாரோ ஒருவன்.

"நீ யாரு?"

"ரோடெல் ரிகாசா. அது நிஜம். ஆனா ஊரு பங்காசினான். வடக்கு. எங்க தெருவுல பாதிப் பேரு ரிகாசா, ஏழு தலைமுறையா அங்கதான். ஓவாஸ் எந்தப் பக்கம்னு கூட எனக்குத் தெரியாது."

"பெத்ரிங்?"

"எல்லார் வீட்டுலயும் ஒரு பெத்ரிங் தாத்தா இருப்பாரு." அவன் தரையைப் பார்த்தான். "பாதிரியாரா இருப்பாருன்னு நினைக்கல."

"ஏன்?"

"பையைப் பிடிச்ச உன் விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு. ராத்திரி பூரா உக்காந்தே வருவேன்னு தெரிஞ்சுது. ஓவாஸான்னு நீதான் கேட்ட. ஆமான்னு சொன்னா தூங்குவன்னு தோணுச்சு... சொல்லிட்டேன்."

"தூங்குனேனா நான்?" அவள் குரல் உடைந்தது. "கண்ணை மூடல. விடிய விடிய ஜெபம். அண்ணன் முறை உள்ளவனைப் போய் இப்படி நினைக்கிறோமே, நமக்கென்ன புத்தி கெட்டுப்போச்சான்னு என்னையே நான்..."

சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டாள். எதிரே ரோடெல் தலையை நிமிர்த்தியிருந்தான். தகரத்தில் மழை கொட்டியது. இதைவிடப் பெரிய அதிர்ச்சி நேற்றிரவு திரையை விலக்கியபோதும் இல்லை, அப்பா பேசியபோதும் இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்?

எல்லைக்குப் போகும் வண்டிக்காரர் இரண்டு முறை ஒலி எழுப்பினார். இன்னும் ஓர் ஆள், இன்னும் ஓர் ஆள் என்று கூவினார். நாளைக் காலை எட்டு மணிக்கு ரோடெலுக்கு வகுப்பு. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நானும் தூங்கல," என்றான். "நீ குயா, குயான்னு கூப்பிடுறப்பல்லாம் உண்மையைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா பயந்துடுவ. சொல்லலன்னா தங்கச்சியாவே இறங்கிப் போயிடுவ." மூச்சு வாங்கினான். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, ஜோவெலின். நம்பச் சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா சொல்லாம அந்த வண்டில ஏற முடியல."

அவள் அவனைப் பார்த்தாள். தூங்காத கண்கள். சிவந்து, பயந்து, ஒளிய இடமில்லாமல் நின்றன. பொய் சொன்னவன்தான். அந்தப் பொய்யின் பின்னால் இரவெல்லாம் ஒளிந்துகொண்டு, அதைக் கொண்டு ஒரு விரல்கூட அவள் பக்கம் நீட்டாதவனும் இவன்தான். உருண்ட பையை எடுத்து வைத்தது யார்?

கோபம் இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வண்டிக்காரர் கிளம்பிவிட்டார். சேறு தெறித்தது. இருவரும் நகரவில்லை.

இந்த முறை குயா என்று சொல்லவில்லை அவள்.

"ரோடெல்... எனக்குப் பிடிச்சுப்போனது தாக்கேக் தாண்டினதும். உனக்கு எந்த ஊர்ல?"